கதவு கிளையண்டுடையது, கதவின் எண் யாருடையது?

கிண்டியில் எங்கள் அலுவலகத்தில் இந்த வாரம் முழுக்கக் கதவுகள்தான். வட இங்கிலாந்தில் எழும்பும் ஒரு மருத்துவமனையின் ரெவிட் மாடல், அதாவது அந்த மென்பொருளில் கட்டிய கணினி மாதிரி, எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு கதவுக்கும் அகலம், உயரம், எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும், எந்தப் பக்கம் திறக்கும், என்ன பூட்டு என்று எல்லாம் ஏற்றி முடித்த பிறகு கடைசியில் ஒரு கட்டம் காலியாக நிற்கும். கட்டடத்தின் ஒவ்வொரு வகைப் பாகத்துக்கும் எண் கொடுக்கும் பிரிட்டிஷ் வகைப்பாடு யூனிகிளாஸ், அதன் எண் அங்கே விழ வேண்டும். விழாமல் அனுப்பினால் மறுநாள் காலை மாடல் அப்படியே திரும்பி வரும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதை ஒரு சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். ஆனால் இருபது வருடம் கழித்து அந்த மருத்துவமனையின் பராமரிப்பு இன்ஜினியர் குறிப்பிட்ட வகைக் கதவுகளை மட்டும் பிரித்தெடுத்துச் சோதிக்க நினைத்தால், அவர் தேடப்போவது இந்த எண்ணைக் கொண்டுதான்.

எங்கள் ஃபேமிலி லைப்ரரியை, அதாவது மாடலில் எடுத்துப் போடும் ஆயத்தப் பொருள்களின் தொகுப்பை, புதிதாகக் கட்டும் வேலை இப்போது தொடங்குகிறது. கதவு, சன்னல், குழாய், கேபிள் தட்டு என எல்லாவற்றையும் ஏதாவது ஒரு வகைப்பாட்டின்படி அடுக்கியாக வேண்டும். எதன்படி? முன்பு இந்தக் கேள்வியே எழாது. கிளையண்ட் எதைக் கேட்கிறாரோ அதைப் போடுவோம். இந்த முறை, ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்த பிறகுதான் பதில் சொல்வேன் என்று கூட்டத்தில் சொன்னேன். அதற்குக் காரணம் ஒரு சின்னத் தமிழ்ப் பட்டியல்.

பாலிடெக்னிக் முடித்து வரும் பிள்ளைகளுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் யூனிகிளாஸின் உறுப்பு அட்டவணையைத் தமிழில் பெயர்த்து ஒரு எக்ஸெல் கோப்பில் வைத்தோம். ஈஎஃப்_25_10 என்றால் சுவர். ஈஎஃப்_25_30 என்றால் கதவும் சன்னலும். பக்கத்திலேயே நம் கொத்தனாரும் ஆசாரியும் சொல்லும் பெயர்கள். இரண்டு வாரத்தில் படிய வேண்டியது இரண்டு நாளில் படிந்தது. கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் அதைக் கேட்டார். அனுப்புவதற்காக மின்னஞ்சலைத் திறந்த பிறகுதான் உரிமத்தைப் பார்க்கத் தோன்றியது. பார்த்தேன். அனுப்பவில்லை.

படைப்புகளைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தர ஆயத்த உரிமங்களை எழுதி வைத்திருக்கும் அமைப்பு கிரியேட்டிவ் காமன்ஸ். யூனிகிளாஸ் அதன் சிசி பை-என்டி 4.0 உரிமத்தில் கிடைக்கிறது. காசு இல்லை, யாரும் பதிவிறக்கலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த ‘என்டி’ என்ற இரண்டெழுத்து, மாற்றி அமைத்த வடிவத்தைப் பிறருடன் பகிரக் கூடாது என்கிறது. மொழிபெயர்ப்பும் மாற்றி அமைத்த வடிவம்தான். நீங்கள் செய்து வைத்துக்கொள்ளலாம், வெளியே கொடுக்க முடியாது. ‘இலவசம்’ என்ற சொல்லை இத்தனை நாள் எவ்வளவு மேலோட்டமாகப் படித்திருக்கிறோம் என்று அன்று உறைத்தது.

கைமாறி வந்த எண்

ஒரு வகைப்பாட்டின் உரிமம் கல்லில் எழுதியது என்று நினைக்கிறவர்கள் இதன் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். 1940-களில் ஸ்வீடனில் எஸ்எஃப்பி என்ற முறை உருவானது. அதைப் பிரிட்டனில் கட்டடக்கலைஞர்களின் அமைப்பான ரீபா 1960-களில் எடுத்துத் திருத்தி சிஐ/எஸ்எஃப்பி ஆக்கியது. 1997-இல் யூனிகிளாஸின் முதல் பதிப்பு வந்தது. அது அச்சுப் புத்தகம், சிபிஐசி என்ற கூட்டுக்குழுவுடையது. 2011-இல் பிரிட்டன் அரசு, 2016-க்குள் மத்திய அரசுக் கட்டுமானங்கள் எல்லாம் பிம் முறைக்கு, அதாவது கட்டடத்தைத் தகவலோடு கணினி மாடலாக்கும் முறைக்கு, வர வேண்டும் என்று அறிவித்தது. அந்தத் தேவைக்காகப் பொதுப்பணத்தின் உதவியுடன், கட்டுமான விவரக்குறிப்புகளை வெளியிடும் என்பிஎஸ் நிறுவனம் அட்டவணைகளை அடியோடு திருத்தி எழுதியதுதான் யூனிகிளாஸ் 2015. திறந்த உரிமம் வந்ததும் அப்போதுதான்.

அப்போது என்பிஎஸ் ரீபாவின் கையில் இருந்தது. 2018-இல் எல்டிசி என்ற முதலீட்டு நிறுவனம் அதில் பங்கு வாங்கியது. அடுத்து 2020-இல் ஸ்வீடனின் பிக்ஃபாக்டா குழுமம் வாங்குவதாக அறிவித்தது. அந்தக் குழுமத்தின் பெயரும் பின்னர் ஹப்எக்ஸோ என்று மாறிவிட்டது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அட்டவணைகளைக் காலாண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிட ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஆனால் ஒரு தொழில்முறை அமைப்பு வைத்திருந்த பொதுச்சொத்து போன்ற ஒன்று இன்று ஒரு வணிகக் குழுமத்தின் கையில் இருக்கிறது. நாளை அதன் நிபந்தனைகள் மாறினால் அது நம்பிக்கைத் துரோகமாகாது, வியாபாரம்தான். அந்த நாள் வருவதற்கு முன்பே நம் பக்கம் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

கதவு விஷயத்தில் இந்தக் கவலை இன்னும் கூடுகிறது. லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீவிபத்துக்குப் பிறகு வந்த 2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், உயரமான குடியிருப்புகளின் பாதுகாப்புத் தகவல்களைக் கட்டடத்தின் ஆயுள் முழுக்க மின்னணு வடிவில் காக்கச் சொல்கிறது. அந்த உயரத்தை எட்டும் மருத்துவமனைகளும் வடிவமைப்பு, கட்டுமானக் காலத்தில் அதே விதிக்குள் வருகின்றன. ஒரு கட்டடத்தின் ஆயுளில் எத்தனை நிறுவனங்கள் கைமாறும்? எத்தனை உரிமங்கள் மாறும்?

பழைய உரிமம் எதைக் காக்கும், எதைக் காக்காது

சிசி 4.0 உரிமத்தின் வாசகத்தை மூன்று முறை படித்தேன். முதலில் நிம்மதி தரும் செய்தி. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. உரிமையாளர் நாளை வேறு நிபந்தனையில் வெளியிடலாம், இந்த உரிமத்தில் கொடுப்பதையே நிறுத்திவிடலாம். அப்போதும் நீங்கள் ஏற்கெனவே இந்த உரிமத்தில் பெற்ற பதிப்பு உங்களிடம் செல்லுபடியாகும். நிபந்தனையை மீறினால் மட்டும் உரிமை தானாக அறுந்துபோகும். மீறியது தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பெயர் குறிப்பிடுவது கட்டாயம் என்பதும் ஒரு நிபந்தனைதான். இதைப் பெரும்பாலான அலுவலகங்கள் கண்டுகொள்வதில்லை. அட்டவணையை முழுசாக ஒரு லைப்ரரிக் கோப்பில் ஏற்றி கான்ட்ராக்டருக்கு அனுப்புகிறோம். அதில் மூலம் யார், எந்த உரிமம் என்று ஒரு வரி இருக்கிறதா? எங்கள் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் இல்லை. அன்றே சேர்த்தோம்.

அடுத்து வருவதுதான் சிக்கலான இடம், மென்பொருள் செய்கிறவர்கள் இதைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் பதிப்புரிமைக்கு அப்பால் தரவுத்தள உரிமை என்று தனியாக ஒன்று உண்டு. உழைத்துத் திரட்டிய தரவுத்தொகுப்புக்கு 15 ஆண்டு பாதுகாப்பு, கணிசமாகத் திருத்தினால் அந்தத் திருத்திய வடிவுக்குப் புதிதாக 15 ஆண்டு. சிசி 4.0 இதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அட்டவணையின் பெரும்பகுதியை, உங்களுக்குத் தரவுத்தள உரிமை உள்ள இன்னொரு தரவுத்தளத்துக்குள் சேர்த்தால், அந்தத் தரவுத்தளமே ‘மாற்றி அமைத்த வடிவம்’ ஆகிவிடும். என்டி இருப்பதால் அதைப் பகிர முடியாது. உள்ளே இருக்கும் தனித்தனி வரிகளுக்கு இது பொருந்தாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே கதவுக்கு ஒரு எண், குழாய்க்கு ஒரு எண் என்று கட்டடத்தின் பொருள்களைப் பதியும் சொத்துப் பதிவேட்டில் போடுகிற நமக்கு இது அநேகமாக இடைஞ்சல் தராது. அட்டவணை முழுவதையும் தன் கட்டணச் செயலிக்குள் கோத்து விற்கிறவர் வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்வது நல்லது.

மாற்றத் தடை ஏன் வைத்தார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஒரே எண்ணுக்கு லீட்ஸில் ஒரு பொருள், பிரிஸ்டலில் ஒரு பொருள் என்றாகிவிட்டால் வகைப்பாடு எதற்கு? ஆளாளுக்கு வரி சேர்த்து வெளியிட்டால் ஆறு மாதத்தில் கலகலத்துவிடும். அந்தக் காவலுக்கு நியாயம் உண்டு. ஆனால் திருத்துவதும் மொழிபெயர்ப்பதும் ஒன்றல்ல. எண்ணைத் தொடாமல் அருகில் தமிழிலோ வெல்ஷ் மொழியிலோ விளக்கம் எழுதுகிறவரையும் அதே கயிற்றால் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

முன்னால் உள்ள வழிகள்

உரிமம் மாறினாலும் மாறாவிட்டாலும் யூனிகிளாஸோடேயே போவது முதல் வழி. பிரிட்டிஷ் வேலை செய்கிறவர்களுக்கு இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கட்டடத் தகவலைக் கையாள்வதற்கான ஐஎஸ்ஓ 19650-2 சர்வதேசத் தரத்துக்குப் பிரிட்டன் சேர்த்த தேசிய இணைப்பு யூனிகிளாஸ் 2015-ஐப் பெயர் சொல்லியே கேட்கிறது. வளாகம், கட்டடம், அறை, உறுப்பு, அமைப்பு, பொருள் என்று மேலிருந்து கீழே இறங்கும் அதன் அட்டவணைகள் கட்டுமான வகைப்பாடுகளுக்கான ஐஎஸ்ஓ 12006-2 சட்டகத்தின்படி அமைந்தவை. சாலை, ரயில், குடிநீர் என்று கட்டடத்துக்கு வெளியேயும் பரந்திருக்கிறது. நாளை கட்டணம் வந்தால் என்ன செய்வது என்றால், பெரும்பாலும் அது முதலில் மென்பொருள் நிறுவனங்களின் தலையில் விழும், பிறகு ஆண்டுச் சந்தாவில் ஒளிந்து நம்மிடம் வரும். கிளையண்டே கேட்கும் ஒன்றுக்குச் செலவு வந்தால் அதை விலைப்புள்ளியில் காட்ட வேண்டியதுதான். எனக்குப் பணம் பெரிய பயமாகத் தெரியவில்லை. பழைய திட்டத்தின் தரவைப் புதிய நிபந்தனை தொடுமா என்ற குழப்பம்தான் பெரிது, அந்தக் குழப்பத்தில் கிளையண்டின் வக்கீல் கோப்புகளை நிறுத்திவைத்துவிட்டால் வேலை நின்றுவிடும்.

இரண்டாவது, திறந்த உரிமத்தில் கையில் உள்ள கடைசிப் பதிப்போடு நின்றுவிடுவது. கேட்டவுடன் பலரும் சிரிப்பார்கள், ஆனால் இது நடந்த கதை. சிஐ/எஸ்எஃப்பி-யின் கையேடு கடைசியாகத் திருத்தப்பட்டது 1976-இல். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பிரிட்டனின் பொருள் விவரப் புத்தகங்களின் அட்டையில் மூலையில் அந்தக் கட்டமும் எண்ணும் அச்சாகி வந்தன, அலுவலக நூலக அலமாரிகள் அதன்படியே அடுக்கப்பட்டன. உறைந்த வகைப்பாடும் வாழும். ஆனால் புதிதாக வந்த பொருளுக்கு அதில் இடம் இருக்காது. அருகில் உள்ள ஏதோ ஒரு எண்ணில் திணிப்பார்கள், ஆளுக்கு ஒரு இடத்தில் திணிப்பார்கள். யூனிகிளாஸில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிகள் சேர்கின்றன, சில வரிகள் விலக்கப்படுகின்றன. இரண்டாண்டு நின்றால் தாங்கும். பத்தாண்டு நின்றால் நம் பதிவேடும் கிளையண்டின் பதிவேடும் வேறு வேறு மொழி பேசும். ஒரே ஒரு சூழலில் இது சரியான முடிவு: கட்டி முடித்து ஒப்படைத்துவிட்ட கட்டடம். அதன் பதிவேட்டை எந்தப் பதிப்பில் ஒப்படைத்தோமோ அந்தப் பதிப்பிலேயே விட்டுவிடலாம், பதிப்பின் பெயரை எழுதி வைத்திருந்தால்.

மூன்றாவது அமெரிக்கப் பக்கம். துபாயிலும் தோஹாவிலும் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு மாஸ்டர்ஃபார்மேட் தண்ணீர் பட்ட பாடு. கட்டுமான விவரக்குறிப்பு எழுதுகிறவர்களின் அமெரிக்க அமைப்பான சிஎஸ்ஐ 1963-இல் தொடங்கிய 16 பிரிவு முறை, 2004-இல் 50 பிரிவாக விரிந்தது. மின்வேலை 16-ஆம் பிரிவிலிருந்து 26-க்குப் போனது. அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் எலக்ட்ரிகல் ஆட்கள் தங்களை ‘டிவிஷன் 16’ என்றே சொல்லிக்கொண்டார்கள். இதன் பதிப்புரிமை சிஎஸ்ஐ-யிடம் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கும் சரக்கு, மென்பொருளில் சேர்க்கத் தனி உரிமம். ஒரு விதத்தில் இது நேர்மையான ஏற்பாடு. நாளை இலவசம் போய்விடுமோ என்ற பயமே இல்லை, முதல் நாளிலிருந்தே விலை தெரியும். ஆனால் இது வேலையின் விளைவை வைத்து ஸ்பெக், அதாவது வேலைக்கான விவரக்குறிப்பு, எழுதப் பிறந்தது. அறையையும் அமைப்பையும் தேட இது உதவாது.

அதே சிஎஸ்ஐ பராமரிக்கும் ஆம்னிகிளாஸ் 15 அட்டவணை கொண்டது, யூனிகிளாஸுக்கு நெருங்கிய உறவு. ரெவிட்டோடு வரும் கதவு ஃபேமிலியைத் திறந்தால் 23.30.10.00 என்று ஒரு எண் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அது பழைய பதிப்பின் எண். 2012 பதிப்பில் பொருள் அட்டவணையின் கதவுகள் 17-ஆம் பிரிவுக்கு மாறிவிட்டன. மென்பொருளோடு இலவசமாக வந்தது என்பதற்காக எண்ணை நம்பினால் எந்தப் பதிப்பில் நிற்கிறோம் என்றே தெரியாமல் போகும். இந்த ஒரு கதவை நான் பயிற்சி வகுப்பில் எப்போதும் காட்டுவேன்.

நான்காவது வழியைப் பற்றி நம் பக்கம் பேச்சே இல்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1999-இல் அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் யூனிஃபார்மேட் II என்ற உறுப்பு வகைப்பாட்டை 6389 என்ற எண்ணுள்ள அறிக்கையாக வெளியிட்டது. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் பணியில் எழுதியதற்குப் பதிப்புரிமை கிடையாது. ஏ முதல் ஜி வரை ஏழு பெரும்பிரிவுகள்: அடித்தளம், கட்டடத்தின் வெளிக்கூடு, உட்புறம், சேவைகள் என்று போகும். வெளிக்கதவு பி2030, உட்கதவு சி1020. அவ்வளவுதான், ஒரு மதியத்தில் மனப்பாடம் ஆகிவிடும். தொடக்க நிலை மதிப்பீட்டுக்கு இதைவிட எளிமையான கருவி எனக்குத் தெரியாது. ஆனால் இதே பெயரில் மூன்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். நிஸ்ட் அறிக்கை ஒன்று. தரநூல்களை வெளியிடும் ஏஎஸ்டிஎம் அமைப்பு விற்கும் ஈ1557 இன்னொன்று. சிஎஸ்ஐ-யின் யூனிஃபார்மேட் மூன்றாவது. உரிமம் மூன்றுக்கும் வேறு. எதிலிருந்து எடுத்தோம் என்று எழுதி வைக்காமல் ‘யூனிஃபார்மேட்’ என்று மட்டும் சொல்வது, எந்த ராமசாமி என்று சொல்லாமல் ராமசாமியிடம் பணம் கொடுத்தேன் என்பதைப் போல. இதன் குறை ஆழமின்மை. கதவு வரை வரும், கதவின் கீல் வரை வராது.

ஐரோப்பாவில் டென்மார்க், எஸ்டோனியா, செக் நாடுகள் சேர்ந்து வளர்க்கும் சிசிஐ-யும் ஸ்வீடனின் கோகிளாஸும் உண்டு. இரண்டு வகைப்பாடுகளும் ஐஎஸ்ஓ 81346-12 என்ற தரநூலின் குடும்பம். கோகிளாஸுக்குச் சந்தா, அடிப்படைத் தரநூலை ஐஎஸ்ஓ-விடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த நாடுகளில் வேலை இல்லாத அலுவலகத்துக்கு இப்போது தேவையில்லை.

கடைசியாக, சொந்தமாக ஒரு எண் முறை. இதைச் சொன்னாலே பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள், ஒவ்வொரு அலுவலகமும் தனக்கென்று ஒன்று வைத்திருந்த காலத்தின் வலி அவர்களுக்குத்தான் தெரியும். பொது வகைப்பாட்டுக்கு மாற்றாகச் சொந்த எண்ணை வைப்பதற்கு நானும் எதிரி. ஆனால் பொது எண்ணுக்கு அடியில் மாறாத ஓர் அடையாளமாக வைப்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

எண்ணுக்குச் சொந்தம் கொண்டாட முடியுமா

இரண்டு மூன்று அமெரிக்கத் தீர்ப்புகள் இதைத் தொட்டிருக்கின்றன, கட்டடத்தில் இல்லை, பல்லில். பல்மருத்துவச் சிகிச்சைகளுக்கு எண் கொடுத்த அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கம், பல் காப்பீட்டு நிறுவனமான டெல்டா டென்டல் மீது வழக்குப் போட்டது. 1997-இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு வகைப்பாடு என்பது ஆக்கபூர்வமான வேலை, அதற்குப் பதிப்புரிமை உண்டு என்றது. அதே ஆண்டு ஒன்பதாம் வட்ட நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. அமெரிக்க மருத்துவச் சங்கம், சிகிச்சைகளைக் குறிக்கும் தன் சிபிடி எண்களை அரசுக்குக் கொடுக்கும்போது, வேறு போட்டி முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தது. பதிப்புரிமை உண்டு, ஆனால் அதைத் தவறாகப் பயன்படுத்திவிட்டீர்கள் என்றது நீதிமன்றம். 2004-இல் மூன்றாம் வட்டம், ஒரு நிறுவனம் தன் திருகுகளுக்கு விதிப்படி கொடுத்த பாக எண்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. நூலக உலகில் டூயி எண்ணின் உரிமையாளரான ஓசிஎல்சி, அறைகளுக்கு டூயி எண் வைத்த நியூயார்க் ஓட்டல் ஒன்றின் மீது 2003-இல் வழக்குப் போட்டுச் சமரசமும் செய்துகொண்டது. எண்ணும் சொத்துதான் என்று நினைக்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள்.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அட்டவணைகளையும் தொகுப்புகளையும் கணினித் தரவுத்தளங்களையும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைக்கிறது. ஐரோப்பா போலத் தனித் தரவுத்தள உரிமை இங்கே இல்லை. வெறும் உழைப்பு போதாது, குறைந்தபட்ச ஆக்கத்திறன் வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொன்னது. இதை வைத்துக்கொண்டு சென்னையில் உட்கார்ந்திருக்கிறோம், நமக்கென்ன என்று இருக்க முடியாது. நம் கோப்பு போய்ச் சேர்வது பிரிட்டனில், நம் ஒப்பந்தம் அந்த நாட்டுச் சட்டப்படி.

மருத்துவச் சங்க வழக்கு எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. அரசு ஒரு முறையைக் கட்டாயமாக்குகிறது, முறை தனியார் கையில் இருக்கிறது. யூனிகிளாஸும் இதே இடத்தில்தான் நிற்கிறது. ஒரு நாட்டின் பொதுக் கட்டுமானமே கேட்கும் எண்ணின் நிபந்தனை, ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் மட்டும் முடிவாவது சரியில்லை. கட்டாயமாக்குகிற அரசு, அந்த உரிமம் தொடரும் என்ற எழுத்துறுதியையும் வாங்கி வைத்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்கிற கிளையண்ட்கள் இதை உரக்கக் கேட்க வேண்டும், அவர்கள் குரலுக்குத்தான் எடை.

நான் எடுத்த முடிவு

பிரிட்டிஷ் வேலைக்கு யூனிகிளாஸ், புதிய பதிப்பு, சந்தேகமில்லை. வளைகுடா வேலையின் ஸ்பெக்கில் மாஸ்டர்ஃபார்மேட், கிளையண்ட் உரிமம் வைத்திருந்தால். சீக்கிர மதிப்பீட்டுக்கு நிஸ்ட் அறிக்கையின் யூனிஃபார்மேட் II. ஆனால் எங்கள் லைப்ரரியின் அடித்தளம் இவற்றில் எதுவும் இல்லை.

இதற்கு ஒரு அடி வாங்கியிருக்கிறோம். முன்பு ஒரு திட்டத்தில், பெயர் வேண்டாம், யூனிகிளாஸ் எண்ணையே பதிவேட்டின் திறவுகோலாக வைத்திருந்தார்கள். பராமரிப்பு அட்டவணை, உதிரிப்பாகப் பட்டியல், உத்தரவாதச் சான்று எல்லாம் அந்த எண்ணில் தொங்கின. இடையில் அட்டவணையின் புதிய பதிப்பு வந்தது, சில வரிகள் விலக்கப்பட்டிருந்தன, யாரோ நல்லெண்ணத்தோடு மாடலைப் புதுப்பித்தார்கள். ஒப்படைப்புக்கு முந்தின வாரம் ஒரு தளத்தின் சான்றுகள் எதனோடும் ஒட்டவில்லை. ஆறு பேர் மூன்று இரவு உட்கார்ந்து கையால் பொருத்தினோம். உரிமம் மாறாமல், வெறும் பதிப்பு மாறியதற்கே இந்தக் கதி. உரிமமும் மாறினால்?

அதனால் இப்போது ஒரு கதவின் வரி இப்படி இருக்கிறது. முதல் கட்டத்தில் அந்தக் கதவுக்கே உரிய மாறாத அடையாளம், மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பரிமாற உதவும் பொது வடிவமான ஐஎஃப்சி கோப்பு ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கும் 22 எழுத்து அடையாளமே இதற்குப் போதும். சான்று, உத்தரவாதம், பராமரிப்பு எல்லாம் இதில்தான் தொங்கும். அடுத்த கட்டத்தில் வகைப்பாட்டின் பெயர். அடுத்து எண். அடுத்து அட்டவணையின் பதிப்பும் தேதியும். ஐஎஃப்சி இதற்கென்றே இடம் வைத்திருக்கிறது: வகைப்பாட்டைக் குறிக்கும்போது மூலம், பதிப்பு, பதிப்புத் தேதி என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. காலியாகவே அனுப்பிப் பழகிவிட்டோம், இனி நிரப்புகிறோம். ஒரே கதவுக்கு இரண்டு வகைப்பாட்டு எண் இருந்தாலும் சிக்கல் இல்லை, இன்னொரு வரி சேரும், அவ்வளவுதான். நாளை யூனிகிளாஸ் கட்டணமாகட்டும், வேறொன்று வரட்டும், மாறுவது அந்த எண்ணின் கட்டங்கள்தான். கதவு தன் இடத்தில் நிற்கும்.

இதோடு இரண்டு பழக்கங்கள். அட்டவணையைப் பதிவிறக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய உரிமப் பக்கத்தையும் பிடிஎஃப்-ஆகச் சேமித்து, தேதி போட்டு, அதே ஃபோல்டரில் வைக்கிறோம். திரும்பப் பெற முடியாத உரிமம் என்று வாதாட வேண்டி வந்தால், எந்த உரிமத்தில் வாங்கினோம் என்று காட்ட வேண்டும் இல்லையா? இரண்டாவது, புதிய ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு: திட்டத்தின் நடுவில் வகைப்பாட்டின் உரிம நிபந்தனை மாறினால், ஒப்பந்தம் கையெழுத்தான நாளின் பதிப்பிலேயே ஒப்படைப்போம், புதியதற்கு மாற வேண்டுமென்றால் அந்தச் செலவு கிளையண்டுடையது. முதல் கிளையண்ட் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

மென்பொருள் எழுதுகிற நண்பர்களுக்கு என் பதில் வேறு. நீங்கள் அட்டவணையையே விநியோகிக்கிறீர்கள், ஆகவே இன்றே என்பிஎஸ்-ஸுடன் எழுத்தில் பேசுங்கள். பயனர் தானே அட்டவணைக் கோப்பை இறக்கி ஏற்றிக்கொள்ளும்படி செயலியை அமைத்தால் சிக்கல் பெரிதும் குறையும். கட்டட உரிமையாளர்களுக்கு, ஆயிரக்கணக்கான கதவுகளை நாற்பது ஆண்டு காக்கப்போகிறவர்களுக்கு, எண்ணைவிட அந்த முதல் கட்டத்தைத்தான் ஒப்பந்தக்காரரிடம் கறாராகக் கேளுங்கள் என்பேன்.

தமிழ்ப் பட்டியலை என்ன செய்தேன் என்று அந்தக் கல்லூரி நண்பர் போன வாரமும் கேட்டார். பழைய கோப்பு அலுவலக சர்வரிலேயே இருக்கிறது, அதைக் கொடுக்க முடியாது. அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதற்காகக் காத்திருக்காமல், சனிக்கிழமை மதியங்களில் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறோம். இது யூனிகிளாஸின் வரிசையில் இல்லை. கொத்து, தச்சு, கம்பி, குழாய், மின்சாரம் என்று நம் வேலைத்தளத்தின் வரிசை. முதலில் நிலை, கதவுச் சட்டம், கீல், தாழ்ப்பாள் என்று நம் பெயர், பிறகு அது எப்படி இருக்கும், எங்கே பொருந்தும் என்று நாமே எழுதிய இரண்டு வரி, ஒரு படம். மிகத் தேவையான சில இடங்களில் மட்டும் கடைசிக் கட்டத்தில் ஒரு எண்ணும் அதன் பதிப்பும். தச்சுப் பகுதி முடிந்துவிட்டது. அதை நேற்று அவருக்கு அனுப்பினேன்.